கம்பம் ஒருவருடையது, விளக்கு இன்னொருவருடையது: ஒழுங்கை இருண்டால் யாரைக் கேட்பது?

திருகோணமலை நகருக்கு வடக்கே, கரையோரத்தில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஒழுங்கையில் ஏழு மின்கம்பங்கள். மாரி மழைக்குப் பிறகு நடுவிலுள்ள மூன்று விளக்குகள் எரிவதில்லை. சந்தி விளக்கோ பகலிலும் எரிகிறது. மற்ற மூன்றும் ஒழுங்காக எரிகின்றன. ஓர் அலுவலகத்தில் சொன்னால் அது அவர்களுடைய வேலை என்கிறார்கள். அங்கே போனால் லைன் கோளாறு, இவர்களிடம் சொல்லுங்கள் என்கிறார்கள். ஐந்து வாரமாகிவிட்டது. மகள் வகுப்பு முடிந்து இரவு ஏழரைக்கு வருவாள். நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு சந்தியில் நிற்கிறேன். ஐயா, நான் யாரைக் கேட்க வேண்டும்?"

அம்மா, நீங்கள் கொடுத்திருக்கும் விவரமே பாதி விடை. எந்தக் கம்பம் எரிகிறது, எது எரியவில்லை என்று எண்ணி எழுதுபவர்கள் மிகக் குறைவு. மூன்று விளக்குகளுக்கும் சந்தி விளக்குக்கும் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் உள்ளூராட்சிச் சபைதான். ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

நம் ஊரில் இரண்டுக்கும் பெயர் 'சபை' என்றிருப்பதே முதல் குழப்பம். "சபைக்குச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால், மின்சார சபையா பிரதேச சபையா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வழமையான பிரிவு இதுதான்: கம்பம், அதில் ஓடும் கம்பிகள், மின்மாற்றி ஆகியவை மின் விநியோகம் செய்பவருடையவை. கம்பத்திலிருந்து வீதிக்கு நீளும் கை, விளக்கு, அதனுள் இருக்கும் மின்குமிழ், அதை வாங்குவதும் மாற்றுவதும் உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பு. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் வேலை தொடங்கியது. அலுவலகப் பெயர்ப்பலகை மாறினாலும் இந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

எந்த உள்ளூராட்சிச் சபை என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். நகரை விட்டு வடக்கே போனால் பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் எல்லை. புல்மோட்டை வீதியில் இன்னும் போய் நிலாவெளிப் பக்கம் சேர்ந்தால் குச்சவெளிப் பிரதேச சபை. யாரிடமும் விசாரிக்க வேண்டாம். சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அதுதான்.

இனி இருட்டை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். வீதி விளக்குகளுக்கென்று லைனில் தனியாக ஒரு கம்பி ஓடும். வீடுகளுக்குப் போகும் கம்பிகளில் எந்நேரமும் மின்சாரம் இருக்கும். இந்தக் கம்பிக்கு மட்டும் மாலையில் ஆளி போட்டால்தான் மின்சாரம் வரும். ஆகவே ஒரு கம்பத்துக்கு அப்பால் உள்ள எல்லா விளக்குகளும் சேர்ந்து அணைந்தால் அந்தக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. முழு வீதியும் இருண்டு வீடுகளில் மட்டும் வெளிச்சம் இருந்தால் ஆளி பழுது. வீடுகளிலும் வெளிச்சம் மங்கினால் அது விநியோகக் கோளாறு. தாமதிக்காமல் 1987க்கு அழையுங்கள்.

உங்கள் ஒழுங்கையில் நடந்திருப்பது இவை எதுவும் இல்லை. நடுவில் மூன்று இருள, அவற்றுக்கு அப்பால் உள்ளவை எரிகின்றன என்றால் மின்சாரம் அந்த மூன்றையும் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. லைன் நலமாக இருக்கிறது. கெட்டவை விளக்குகள் அல்லது அவற்றின் இணைப்புகள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஒழுங்கையின் மறுமுனை வேறொரு மின்மாற்றியோடு இணைந்திருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரும். அப்போது நடுவில் கம்பி அறுந்திருக்கவும் கூடும். இன்று மாலை ஆறு மணியளவில் வாசலில் நின்று கவனியுங்கள். இருண்ட மூன்றுக்கும் இரு பக்கத்திலும் ஒழுங்காக எரியும் விளக்குகள் வெவ்வேறு நேரத்தில் எரியத் தொடங்கினால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

மழைக்குப் பிறகு மூன்று விளக்குகள் ஒன்றாகக் கெட்டதில் எனக்கு வியப்பில்லை. நம் கரையோரத்தில் கம்பத்திலிருந்து இறக்கிய விளக்கை மேசையில் வைத்துத் திறந்து பாருங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கும். உள்ளே எறும்பு மண்ணும், பல்லி முட்டை ஓடும். செம்புக் கம்பி களிம்பேறிப் பச்சையாக இருக்கும். திருகாணியைத் தொட்டால் துரு விரலில் உதிரும். பெரும்பாலும் மின்குமிழ் நன்றாகவே இருக்கும். லைன் கம்பி அலுமினியம், விளக்குக் கம்பி செம்பு. இரண்டையும் நேராக முறுக்கிக் கட்டி, மேலே உப்புக் காற்றும் மழையும் பட்டால், அந்த முடிச்சில் அலுமினியம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். இரு உலோகங்களையும் இணைப்பதற்கென்றே கவ்விகள் இருக்கின்றன. அவற்றைப் போடாமல் மின்குமிழை மட்டும் மாற்றினால் அடுத்த மாரியிலும் நீங்கள் சந்தியில்தான் நிற்பீர்கள். முறைப்பாட்டில் "மின்குமிழை மாற்றித் தரவும்" என்று எழுதாதீர்கள். "விளக்கையும் லைன் இணைப்பையும் பரிசோதித்துத் திருத்தவும்" என்று எழுதுங்கள்.

சந்தி விளக்கு பகலில் எரிகிறது என்றால் அது அந்தத் தனிக் கம்பியில் இல்லாமல், எந்நேரமும் மின்சாரம் உள்ள கம்பியில், தலையில் தனி ஒளி உணரி ஆளியோடு இணைந்திருக்கலாம். அந்த ஆளி பழுதானால் விளக்கு எரிந்த நிலையிலேயே நிற்பது வழக்கம். வீதி இருளக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அல்லது யாரோ அவசரத்துக்கு விளக்கை ஆளி எதுவும் இல்லாமல் வீடுகளுக்குப் போகும் கம்பியில் நேராகக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். 40 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று பகல் 12 மணி நேரம் வீணே எரிந்தால் மாதம் 14 அலகு. வீட்டு மின்பட்டியலில் மிகக் குறைந்த கட்டணப் படி 30 அலகு வரைதான். அதில் ஏறக்குறைய பாதியை இந்த ஒற்றை விளக்கு வெயிலில் கொட்டுகிறது. இதை முறைப்பாட்டின் முதல் வரியில் எழுதுங்கள். இருட்டைப் பற்றிய முறைப்பாடு பொறுத்திருக்கலாம் என்று நினைக்கும் அலுவலர்கூட, வீண் செலவு என்ற சொல்லைக் கண்டால் கோப்பை எடுப்பார்.

இப்போது கடினமான பகுதி. சபையின் ஊழியர் ஏணியோடு வந்தாலும், உயிர்ப்புள்ள லைனுக்கு அருகில் கைவைக்க மின்சார அலுவலகத்தின் அனுமதியும், சில வேளைகளில் சிறிது நேர மின்துண்டிப்பும் வேண்டும். ஒருவர் தயாராகும் நாளில் மற்றவர் வேறு வேலையில் இருப்பார். நான் அறிந்தவரை வீதி விளக்குகள் மாதக்கணக்கில் எரியாமல் கிடப்பதற்கு, பணமின்மையைவிட இந்த நாள் பொருந்தாமையே பெரிய காரணம். ஆகவே உங்கள் கடிதத்தைச் சபையின் செயலாளருக்கு எழுதி, பிரதி ஒன்றைப் பிரதேச மின் பொறியியலாளருக்கு அனுப்புங்கள். பிரதி போயிருப்பது கடிதத்தின் அடியில் தெரிய வேண்டும். "இரு அலுவலகங்களும் ஒரே நாளில் வந்து பார்வையிடுமாறு" என்ற சொற்கள் கட்டாயம் இருக்கட்டும். கம்பத்தில் இலக்கம் இருந்தால் அதை எழுதுங்கள். இல்லாவிட்டால் சந்தியிலிருந்து எத்தனையாவது கம்பம், எதிரே எந்த இலக்க வீடு என்று குறியுங்கள். கடிதத்தை ஒப்படைத்ததும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும்.

வட்டார உறுப்பினரையும் சந்தியுங்கள். விளக்கு மாற்றித் தரச் சொல்வதோடு நிற்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாளை வீதி விளக்குக்கென்று இரு அலுவலகங்களும் ஒதுக்க வேண்டும், முறைப்பாடுகளுக்கு ஒரே பதிவேடு வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். இன்னொன்றும் முக்கியம். பழைய வெற்றுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, உறையிட்டு முறுக்கிய கறுப்புக் கம்பிக் கட்டைப் பல இடங்களில் இழுக்கிறார்கள். அது நல்ல வேலை. மரக்கிளை பட்டாலும் தீப்பொறி பறக்காது. ஆனால் அந்த நாளில் வீதி விளக்குகளை எல்லாம் கழற்றித்தான் திரும்பப் பூட்ட வேண்டும். சபைக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் புதுக் கம்பியும் பழைய இருட்டுமாக வீதி கிடக்கும். உறையைக் கத்தியால் சீவி விளக்கை இணைத்தால் அந்தக் காயத்தின் வழியே உப்பு நீர் இறங்கும். உறையைத் துளைத்துப் பிடிக்கும் கவ்விகள்தான் வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். உங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, மின்சார அலுவலகத்துக்கு எந்தத் திகதியில் எழுதினார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள். "நான் ஏறிப் பார்க்கிறேன் அன்ரி" என்று பக்கத்து வீட்டுத் தம்பி வந்தால், ஏணியைப் பிடித்து நிறுத்திவிடுங்கள். விளக்கு அணைந்திருப்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஆகாது. அதே கம்பத்தில், ஒரு முழம் தள்ளி, வீடுகளுக்குப் போகும் கம்பியில் 230 வோல்ட் எந்நேரமும் ஓடுகிறது. ஈரக் கம்பத்தில் ஈரக் கையோடு ஏறிய பிள்ளையைக் கீழே இறக்கிய இரவு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவரை உங்கள் மதிலின் உட்பக்கம், உங்கள் வீட்டு மின்னிணைப்பிலேயே, 9 வாட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றை ஒழுங்கையைப் பார்த்து மாட்டுங்கள். மாலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை எரிந்தால் மாதம் ஓர் அலகுக்கும் சற்றுக் குறைவாகவே போகும். நடுக் கம்பங்களுக்கு எதிரே இருக்கும் இரண்டு வீட்டாரையும் அப்படியே மாட்டச் சொல்லுங்கள். மகள் ஏழரைக்கு வரும்போது தரை தெரியும்.