பல் துலக்க எழாதவருக்கு ஊக்க மருந்தா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஒன்றரை ஆண்டாக மனச்சோர்வு. பிரஷ்ஷில் பேஸ்டை வைத்துக்கொண்டு காலை பதினொரு மணி வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். செர்ட்ராலின், பிறகு வென்லாஃபாக்ஸின் கொடுத்தும் பலனில்லை. இப்போது டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் சேர்த்திருக்கிறார். ‘இது போதைச் சட்டத்தில் வருகிற மாத்திரை’ என்கிறார் கடைக்காரர். கொடுக்கவே கூடாது என்று நாத்தனார் சண்டை போடுகிறார். என்ன செய்வது?
- வாசகி, ராயபுரம்.

பதில்: கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை அம்மா. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இந்த மருந்து இருக்கிறது. அதனால்தான் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. மார்ஃபினும் அதே சட்டத்தில்தான் வருகிறது. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு அதை மறுப்போமா? மருத்துவர் எழுதிய அளவில், அவர் கண்காணிப்பில் சாப்பிடுவது வேறு, போதைக்காகத் தேடிப்போவது வேறு. இதை நாத்தனாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் பயமும் அண்ணன் மீதுள்ள பாசத்தில் வந்ததுதான்.

இது முக்கியமாக, ஓரிடத்தில் உட்கார முடியாமல் துறுதுறுவென்றிருக்கும், கவனம் நிலைக்காத பிள்ளைகளுக்குத் தரும் மருந்து. மனச்சோர்வுக்கென்று அங்கீகாரம் பெற்றதல்ல. ஆனாலும் மற்றவை கைகொடுக்காதபோது மருத்துவர்கள் சேர்ப்பதுண்டு. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வுள்ள 143 முதியவர்களில் சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்துடன் இதையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள், ஏதாவது ஒன்றை மட்டும் சாப்பிட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அதே சமயம், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற இன்னொரு ஊக்க மருந்து பெரிய ஆய்வுகளில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அதிகப் பலன் தரவில்லை. எனவே முயன்று பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முந்தைய இரண்டு மருந்துகளும் போதிய அளவில், ஆறு வாரமாவது விடாமல் உள்ளே போயினவா? நடுவில் நிறுத்திவிட்டு ‘கேட்கவில்லை’ என்று சொல்கிறவர்கள் ஏராளம். தைராய்டு, இரத்தசோகை பார்த்தாயிற்றா? பலமாகக் குறட்டை விட்டு மூச்சு முட்டி எழுகிறாரா? மாலையில் குடிக்கிறாரா? குடிப்பதை மறைக்காதீர்கள், அது தொடர்ந்தால் எந்த மாத்திரையும் தோற்கும். எப்போதாவது பல நாள் தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், கடன் வாங்கிச் செலவழித்து, ஓயாமல் பேசித் திரிந்திருக்கிறாரா? அப்படியானால் இந்த மருந்து அந்த வெறியைக் கிளப்பிவிடக்கூடும். இருதய நோய் இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

காலையில் கொடுங்கள்; மாலையில் கொடுத்தால் தூக்கம் கெடும். பசி குறையும், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறலாம். அழுத்தத்தை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். ‘நல்லா இருக்கீங்களா?’ என்று அவரை நச்சரிக்க வேண்டாம். பிரஷ் வாய்க்குப் போகும் நேரம் பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு வந்ததா என்று பாருங்கள். டாக்டருக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

ஓர் எச்சரிக்கை. மனம் தெளியும் முன்பே உடலில் சுறுசுறுப்பு வரலாம். அந்த நாட்களில் ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இதுவும் உதவாவிட்டால் லித்தியம் என்ற மருந்து இருக்கிறது, மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்அதிர்வு சிகிச்சை இருக்கிறது. பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள்; உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. அடுத்த முறை டாக்டரிடம் நீங்களும் கூடவே போய், எத்தனை வாரம் பார்ப்பது, பலனில்லையென்றால் எப்படி நிறுத்துவது என்று இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.