வாசகர் கேள்வி–பதில்: புசானில் ஒரே ஒரு நாள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வேலையாகவும் பிள்ளைகளைப் பார்க்கவும் தென்கொரியா போகிறவர்கள் எழுதிய கேள்விகள் இந்த இதழில். எல்லாமே புசான் என்ற துறைமுக நகரத்தைப் பற்றியவை.

வாகன உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்காக இரண்டு வாரம் உல்சான் போகிறேன். நடுவில் ஒரு சனிக்கிழமைதான் லீவு. புசானில் பார்க்க வேண்டியவை என்று நண்பர் ஒன்பது இடங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே நாளில் முடியுமா?
– ஆலைப் பணியாளர், ஓசூர்

முடியாது. நான்கு இடம் என்றால் நிதானமாக முடியும். புசான் கடலுக்கும் மலைக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிற ஊர். ஹேடோங் யோங்குங்சா கோயிலும் ஹேயுண்டே கடற்கரையும் கிழக்கே. ஜகல்சி மீன் சந்தையும் கம்சோன் வண்ண வீடுகளும் தெற்கு மூலையில். ஹேயுண்டேயில் 2-ஆம் எண் மெட்ரோ ஏறி, சோம்யோனில் 1-ஆம் எண்ணுக்கு மாறி ஜகல்சி போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். இப்படி இரண்டு முறை குறுக்கே போய் வந்தால் பாதிப் பகல் சுரங்கத்துக்குள்ளேயே போய்விடும். நீங்கள் வருவது புசானுக்கு வடக்கே உள்ள உல்சானிலிருந்து என்பதால் கிழக்குப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கம்சோனையும் ஜகல்சியையும் அடுத்த முறைக்கு விடுங்கள்.

உல்சானின் தெஹ்வாகாங் நிலையத்தில் டோங்ஹே வழித்தட மின்ரயில் ஏறினால் மாறாமல் ஒசிரியா நிலையத்தில் இறங்கலாம். நெரிசல் இல்லாத வேளையில் அரை மணிக்கு ஒரு வண்டிதான் என்பதால் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தால் நல்லது. நிலையத்திலிருந்து ஹேடோங் யோங்குங்சா கோயிலுக்கு டாக்சியில் சில நிமிடம், நடந்தால் ஏறக்குறைய அரை மணி.

இந்தக் கோயிலை எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். கொரியாவில் பௌத்தக் கோயில்கள் பெரும்பாலும் மலைக்குள் இருக்கும். இது அலை வந்து மோதும் பாறைமேலேயே நிற்கிறது. 1376-இல் நாவோங் என்ற துறவி நிறுவியது. அவருடைய குரு ஜிகோங், இந்தியாவிலிருந்து போன துறவி. 1592-இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்து, 1930-களில் திரும்பக் கட்டப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. தின்பண்டக் கடைகளைத் தாண்டினால் பன்னிரண்டு ராசி விலங்குகளின் கற்சிலைகள் வரிசையாக நிற்கும். அதையடுத்து வண்டி ஓட்டுகிறவர்கள் விபத்தில்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும் கோபுரம். அதன் அடியில் ஒரு டயர் வடிவம் இருப்பதைக் கவனியுங்கள். பிறகு 108 படிகள் இறக்கம். போகிற வழியில் தொந்தி வைத்த ஒரு சிலை உண்டு. ஆண் குழந்தை வேண்டுகிறவர்கள் தடவித் தடவி வயிறு மட்டும் கறுத்துப் பளபளக்கிறது. தீர்த்தமலை ஏறி இறங்கியவர்களுக்கு 108 படி பெரிதில்லை. ஆனால் கல் ஈரமாக இருக்கும், வழுவழுப்பான அடி உள்ள செருப்பு ஆகாது. பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிந்துவிடும். அதற்குள் பார்த்து முடித்து மேலே வந்துவிடுங்கள்.

அங்கிருந்து 181-ஆம் எண் பேருந்தில் சொங்ஜொங் வாருங்கள். பழைய ரயில் பாதையொன்றைச் சுற்றுலாப் பாதையாக மாற்றி 2020-இல் திறந்திருக்கிறார்கள். மொத்தம் 4.8 கிலோமீட்டர். அதில் ஓடுபவை இரண்டு, வெவ்வேறு டிக்கெட். கடற்கரை ரயில் சொங்ஜொங்கிலிருந்து மிபோ வரை முழுத் தூரமும் போகும், இருக்கைகள் எல்லாம் கடலைப் பார்த்தே இருக்கும். கேப்ஸ்யூல் என்பது உயரத் தண்டவாளத்தில் ஆமை வேகத்தில் நகரும் சின்னப் பெட்டி. நான்கு பேர் வரை உட்காரலாம், சோங்சாபோவுக்கும் மிபோவுக்கும் நடுவே 2 கிலோமீட்டர் மட்டும் ஓடும், அரை மணி ஆகும். கட்டணம் பெட்டிக்கு, தலைக்கு அல்ல. அதனால் தனியாகப் போகிறவருக்கு விலை கடிக்கும். சனிக்கிழமை டிக்கெட் அன்றைக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் இருக்காது, இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் யோசனை வேறு. சொங்ஜொங்கிலிருந்து ரயிலில் சோங்சாபோ வரை வாருங்கள். அங்கே சிவப்பிலும் வெள்ளையிலும் இரண்டு கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே கடலுக்கு மேல் நீட்டிக் கட்டிய கண்ணாடித் தளமும் இலவசம். பிறகு தண்டவாளத்தை ஒட்டிய மரப்பலகை நடைபாதையில் மிபோ வரை நடந்துவிடுங்கள். கேப்ஸ்யூலில் கண்ணாடி வழியாகப் பார்க்கும் அதே கடல், காற்றோடு கிடைக்கும்.

மிபோதான் ஹேயுண்டே கடற்கரையின் கிழக்கு முனை. மணலிலேயே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் மேற்கு முனையில் டோங்பெக் தீவு, 2005-இல் ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதார மாநாடு நடந்த வட்டமான நூரிமாரு மாளிகை. ஹேயுண்டே என்ற பெயர் சில்லா என்ற பழைய கொரிய அரசின் காலத்துப் புலவர் சே சி-வோனின் புனைபெயரான ஹேயுனிலிருந்து வந்தது. அந்தப் பெயர் பொறித்த பாறையும் இங்கேதான்.

பொழுது சாய்ந்ததும் 2-ஆம் எண் மெட்ரோவில் குவாங்கான் நிலையம். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் குவாங்கல்லி கடற்கரை, எதிரே விளக்கு போட்ட 7.4 கிலோமீட்டர் பாலம். சனிக்கிழமை இரவு டிரோன் காட்சி நடக்கும். பொதுவாகக் கோடையில் 8, 10 மணிக்கும் குளிர்காலத்தில் 7, 9 மணிக்கும். காற்று பலமாக அடித்தால் ரத்து செய்துவிடுவார்கள், அன்று மாலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் காட்சியோடு கிளம்பிவிடுங்கள். குவாங்கானிலிருந்து ஜாங்சான் திசையில் நான்காவது நிலையம் பெக்ஸ்கோ, அங்கே மாறி உல்சான் ரயில். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவற விட்டால் டாக்சிச் செலவு ஒரு நாள் சம்பளத்தை விழுங்கும்.

இரண்டு விஷயம் கையோடு இருக்கட்டும். ஒன்று டி-மணி அட்டை. ரயில், பேருந்து இரண்டிலும் செல்லும், ஆனால் அதில் காசு ஏற்றக் கொரியப் பணமான வோன் ரொக்கமாக வேண்டும். பேருந்தில் இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும், மறந்தால் அரை மணிக்குள் அடுத்த வண்டி மாறும்போது கிடைக்கும் சலுகை போய்விடும். இன்னொன்று நேவர் மேப் செயலி. கூகுள் மேப்பை நம்பி நடைவழி தேடினால் அங்கே சரியாக வராது.

மகனோடு புசான் போகிறேன். எனக்கு 64 வயது, முழங்கால் வலி. வண்ண வீடுகள் இருக்கும் கிராமத்தைப் பார்க்க ஆசை. ஏற முடியுமா?
– வாசகி, பாலக்கோடு

முடியும், அம்மா. கீழே இறங்காமல் இருந்தால் போதும். கொரியப் போரின்போது அகதிகளாக வந்தவர்கள் மலைச்சரிவில் ஒன்றன் பின்னால் ஒன்றாகக் கட்டிக்கொண்ட வீடுகள்தான் கம்சோன். 2009-இல் தொடங்கிய கலைத் திட்டத்தில்தான் இப்போதைய வண்ணமும் சிற்பங்களும் வந்தன. 1-ஆம் எண் மெட்ரோவில் தோசோங் நிலையம், 6-ஆம் வாசல். அங்கிருந்து சின்ன ஊர்ப்பேருந்து மேல் வாசல் வரை கொண்டு விடும். நடந்து ஏறவே வேண்டாம். மேல் தெருவிலிருந்தே முழுக் காட்சியும் தெரியும். அழகான சந்து என்று கீழே இறங்கினால் திரும்பி ஏற 148 படி வரை காத்திருக்கும். அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலில் நின்று பேச்சுச் சத்தம் போடுவதும் சன்னலுக்குள் கேமரா நீட்டுவதும் அவர்களுக்குத் தொந்தரவு.

பிற்பகலுக்குச் சொங்டோ கேபிள் கார் வைத்துக்கொள்ளுங்கள், கடலுக்கு மேல் 1.62 கிலோமீட்டர் உட்கார்ந்தபடியே போகலாம். யோங்குங்சா உங்களுக்கு வேண்டாம், 108 படியையும் திரும்ப ஏறியாக வேண்டும். மெட்ரோவில் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. எந்த வாசல் என்று மகனை முன்கூட்டியே பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.

ஜகல்சி சந்தையில் மீன் வாங்கினால் அங்கேயே சமைத்துத் தருவார்களாமே?
– வாசகர், பென்னாகரம்

ஆமாம், உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒகேனக்கல்லில் மீனை வாங்கி, சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்துக் கூலியைத் தனியாகக் கொடுக்கிறோமே, அதே ஏற்பாடு. கீழ்த்தளத்தில் உயிர்மீன், மேல்தளத்தில் உணவகம். மேலே தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, சமையலுக்கு இன்னொரு தொகை. தகராறு வருவது இங்கேதான். மீன் விலையை மட்டும் கேட்டுவிட்டு மேலே போகிறவர்கள் பில்லைப் பார்த்துத் திகைக்கிறார்கள். எடை, விலை, மேல்தளக் கட்டணம் மூன்றையும் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு தலையாட்டுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் பச்சையாக அரிந்து தட்டில் வைப்பார்கள். பொரித்ததோ குழம்போ வேண்டுமென்றால் முன்பே சொல்லுங்கள். துடிக்கும் ஆக்டோபஸ் துண்டுகள் தொண்டையில் ஒட்டி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு, அதை ஆசைக்குக்கூடத் தொடாதீர்கள். மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்களில் சந்தைக் கட்டடம் மூடியிருக்கும்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?
– வாசகி, தருமபுரி

பட்டினி இல்லை, ஆனால் கவனம் தேவை. கறித்துண்டு இல்லாத சூப்பிலும் நெத்திலி கொதித்த தண்ணீர் இருக்கும். கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பார்கள். கிம்பாப் என்ற சோற்றுச் சுருளில் ஹாம் என்ற பன்றிக்கறி, முட்டை. பிபிம்பாப் என்ற காய்கறிச் சோற்றில் "கோகி பே ஜுசேயோ" என்றால் கறியை எடுத்துவிடுவார்கள், "கேரான்" என்று சேர்த்தால் முட்டையையும். காரச் சாந்திலும் சில கடைகளில் கறி கலந்திருக்கும், தனியாக வாங்கி, கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து உடனடி உப்புமாப் பொட்டலம் நாலு கொண்டு போங்கள். தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு பல்பொருள் கடைகளில் வெந்நீர்க் குழாய் உண்டு. ஒரு பால் பாட்டில் வாங்கிக்கொண்டு, உப்புமாவில் அந்த வெந்நீரை ஊற்றி அங்கேயே சாப்பிடலாம்.

காவிரியில் நீந்திப் பழகியவன். ஹேயுண்டேயில் இறங்கலாமா?
– கல்லூரி மாணவர், ஒகேனக்கல்

கோடையில் அதிகாரபூர்வமாகத் திறந்திருக்கும் வாரங்களில், காவலர் நிற்கும் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். ஹேயுண்டேயில் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அடிக்கடி உண்டாகும். அலை கொண்டுவந்த தண்ணீர் ஒரே வாய்க்காலாகத் திரும்பி ஓடுவதுதான் அது. ஆற்றில் பழகியவர்கள் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகிறார்கள், ஆபத்து அங்கேதான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டுங்கள், பிறகு கரைக்குத் திரும்புங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் எச்சரிக்கை இருந்தால் மணலுக்குக்கூடப் போக வேண்டாம்.

கொரிய மேலதிகாரிக்கு நம் ஊர் மாம்பழம் ஒரு பெட்டி கொண்டு போக நினைக்கிறேன்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

கொண்டு போகாதீர்கள். பழ ஈ பரவும் என்பதால் சான்றிதழ் இல்லாத மாம்பழத்தை விமான நிலையத்திலேயே பிடுங்கி அழித்துவிடுவார்கள், மறைத்தால் அபராதம். கிருஷ்ணகிரி ஆலைகளில் அடைக்கும் மாம்பழக் கூழ் டின் ஒன்றைச் சீல் உடையாமல் பெரிய பெட்டியில் வைத்து, அறிவிப்புப் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். கைப்பையில் வைத்தால் திரவம் என்று இங்கேயே எடுத்துவிடுவார்கள்.

கொரியாவை ஆண்ட ராணி தமிழ்ப்பெண் என்கிறார்கள். அந்த இடம் புசானிலா?
– ஆசிரியை, ஊத்தங்கரை

பக்கத்து ஊரான கிம்ஹேயில். 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி எழுதிய சம்குக் யுசா, கி.பி. 48-இல் அயுதா நாட்டு இளவரசி கப்பலில் வந்து, கயா என்ற பழைய கொரிய அரசின் சுரோ மன்னரை மணந்ததாகச் சொல்கிறது. அவர் பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். அயுதா என்பது அயோத்தி என்பார் உண்டு, தமிழகக் கரை என்பாரும் உண்டு. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து எழுதிய நூல் அது, அதைக்கொண்டு தமிழ்ப்பெண் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் போய்ப் பாருங்கள். 2-ஆம் எண் மெட்ரோவில் சசாங், அங்கே இலகு ரயிலுக்கு மாறி சுரோ மன்னர் கல்லறை நிலையம். ராணியின் கல்லறை தனியாக, நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் சின்னக் கூரைக்கடியில், கப்பலில் அவர் கொண்டுவந்ததாகச் சொல்லும் பாசா கல்கோபுரம். சிவப்புச் சாயல் படிந்த அந்தக் கற்கள் ஓரமெல்லாம் தேய்ந்துபோயிருக்கும். கிம்ஹே விமான நிலையமும் இதே இலகு ரயில் பாதையில் என்பதால், ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொண்டால் தனி அலைச்சல் இல்லை.