தொழிற்சாலைப் புகையும் மங்கலான கட்டடங்களுமாகத் தீட்டிய நகர ஓவியத்தில் அப்படி என்ன அழகு இருக்கிறது?

"ஒழுங்காக வரையத் தெரியாததை மறைக்கத்தானே இந்த மங்கல்?" என்று கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் வரி தைத்ததால் எழுதுகிறேன். செங்கல் செங்கல்லாக எண்ணக்கூடிய படங்களையே பார்த்துப் பழகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஒரு பஞ்சாலையின் புகைபோக்கியும், அதற்கு அப்பால் மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரமும் தெரியும். மார்கழி விடியலில் வைகைப் பக்கத்துப் பனியும் மில் புகையும் கலந்து இரண்டையும் ஒரே நிறமாக்கிவிடும். அதை நீர்வண்ணத்தில் பிடிக்க ஒரு மாதம் போராடினேன். கறுப்பைக் கரைத்துப் பூசிய புகை, சிமென்ட் பூச்சைப் போல அசையாமல் நின்றது. தாளை நனைத்து, ஈரம் காயுமுன் ஊதாவும் நீலமும், ஓரத்தில் துளி காவியும் விட்ட பிறகுதான் புகை நகர்ந்தது.

நூற்புப் பிரிவில் வேலை பார்த்த அப்பா அதைப் பார்த்ததும், "நைட் ஷிப்ட் விடுற நேரம்" என்றார். படத்தில் கடிகாரமும் இல்லை, ஆளும் இல்லை. புருவத்தில் பஞ்சு ஒட்டியபடி வாசலுக்கு வந்து அவர் அன்றாடம் பார்த்த வெளிச்சம் மட்டுமே இருந்தது. மாசுக்கு அழகு பூசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் லு ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்திலும் பின்னணியில் புகைபோக்கிகள் உண்டு. 1874 பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்து ஒரு விமர்சகர் கேலியாக எழுதியதிலிருந்தே இந்தப் பாணிக்கு 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயர் நிலைத்தது. அந்தப் படத்தை உங்கள் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்: சூரியன் ஏறத்தாழக் காணாமல் போகும். சுற்றியுள்ள வானத்தின் அதே வெளிச்ச அளவில், நிறத்தை மட்டும் மாற்றி அதை வைத்திருக்கிறார். வரையத் தெரியாதவர் கைக்கு இது வராது. லண்டன் வாட்டர்லூ பாலத்தையும் அக்கரைப் புகைபோக்கிகளையும் அவர் 40க்கும் மேற்பட்ட முறை வரைந்தார். பாலம் ஒன்றுதான், காற்றுதான் ஒவ்வொரு முறையும் வேறு.

என் படத்தை இங்கே ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தபோது, மதுரை என்றால் கோபுரம் தெளிவாக இருக்க வேண்டும் என்று சொல்லி மாடிப்படிக்குக் கீழே மாட்டினார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டிய படத்துக்கு அங்கே மூன்றடிகூட இடமில்லை. நீங்களும் அந்த ஓவியத்தை மூக்கருகே வைத்துப் பார்க்காமல், அறையின் மறுகோடிக்குப் போய் ஒருமுறை பாருங்கள்.