நிறுவன உதவியில் ஆசிரியர் பயிற்சி, அறிவியல் வகுப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஒரு நிறுவனம் உதவ முன்வந்து "என்ன வேண்டும்?" என்று கேட்கிறது. ஸ்மார்ட் போர்டு கேட்பதா, டேப்லெட் கேட்பதா?

பதில்: பொருளைக் கேட்காதீர்கள், பாடத்தைச் சொல்லுங்கள். "எட்டாம் வகுப்பில் மின்சுற்றை இப்போது கரும்பலகையில் வரைந்து நடத்துகிறோம். நான்கு மாணவருக்கு ஒரு சுற்று கையில் இருக்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். 40 பேருக்கு 10 செட், உதிரியாக 2, பயிற்சிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று கணக்கு தானாக வந்துவிடும். விண்ணப்பம் ஒரே பக்கம் போதும். எந்த வகுப்பு, எந்தப் பாடம், யார் பொறுப்பு, பொருளை எங்கே பூட்டி வைப்பீர்கள், ஆண்டு முடிவில் எதைக் காட்டுவீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். கடைசி விஷயம் இல்லாத விண்ணப்பம்தான் பெரும்பாலும் கிடப்பில் போகும்.

கேள்வி: பணத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: நூறு பங்கில் கருவிக்கு 40, பயிற்சிக்கும் தொடர் வருகைக்கும் 30, தீர்ந்துபோகும் பொருட்களுக்கும் பழுதுக்கும் 15, ஆசிரியரின் பயணத்துக்கும் அவருக்குப் பதிலாக வகுப்பு எடுப்பவருக்கும் 10, மதிப்பீட்டுக்கு 5. இது என் கணக்கு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கருவிக்கு 80, 90 என்று போனால் இரண்டாம் ஆண்டில் பேட்டரி வாங்கக்கூடக் காசு இருக்காது. கருவியை மேடையில் வைத்துப் படம் எடுக்கலாம், பயிற்சியை எடுக்க முடியாது. பட்டியல் கருவிப் பக்கமாகவே சாய்வது அதனால்தான்.

கேள்வி: இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். வகுப்பில் யாரும் பயன்படுத்தவில்லையே, ஏன்?

பதில்: பயிற்சி முடிந்த மறுநாள் வகுப்பில் நடத்தத் தயாரான பாடத்திட்டம் ஆசிரியர் கையில் இல்லை, அதுதான் காரணம். முதல் நாள் கருவி பழகட்டும். இரண்டாம் நாள் முழுக்க, அடுத்த மாதம் தாங்கள் நடத்தப்போகும் பாடத்துக்குத் திட்டம் எழுதி, சக ஆசிரியர்கள் முன் 15 நிமிடம் நடத்திக் காட்டட்டும். இன்டெல் நிறுவனம் ஆசிரியர்களுக்காக 2000இல் தொடங்கிய இன்டெல் டீச் பயிற்சித் திட்டத்திலும் ஆசிரியர் தன் பாட அலகைத் தானே உருவாக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். பயிற்சி பெற்ற ஆசிரியரே மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து அரை நாள் மறுபடி கூடுங்கள். "என்ன நின்றுபோனது?" என்பது மட்டுமே அன்றைய பொருள். அதன்பின் பயிற்றுநர் ஒருமுறையாவது வகுப்புக்கு வந்து உட்கார வேண்டும்.

ஒரு பள்ளியிலிருந்து ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள். அவர் மாற்றலானால் எல்லாம் போச்சு. இரண்டு பயிற்றுநருக்கு 24 பேருக்கு மேல் வேண்டாம். நிறுவனத்துப் பொறியாளர் மட்டும் பாடம் எடுத்தால் கருவி புரியும், 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை எப்படி நடத்துவது என்பது புரியாது. பக்கத்தில் ஒரு ஆசிரியரை நிறுத்துங்கள். வகுப்பில் இருக்கப்போகும் அதே மாடலில்தான் பயிற்சி நடக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: மைக்ரோபிட் (மாணவர் புரோகிராம் எழுதிப் பழகும் சின்ன மின்னணுப் பலகை) பலகையில் எல்ஈடி எரிகிறது. மோட்டாரை மாட்டினால் சுற்றவில்லை, சிலசமயம் பலகையே ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: பலகை பழுதில்லை. அதன் ஓர இணைப்பு முனை (pin) ஒவ்வொன்றும் சில மில்லிஆம்பியர்தான் தரும். சின்ன மோட்டாரும் கிளம்பும்போது சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். பலகையின் மின்சாரத்தையே மோட்டாருக்குக் கொடுத்தால் வோல்டேஜ் விழுந்து பலகை அணைந்து எழும். நடுவே ஒரு மோட்டார் டிரைவர் பலகை (மைக்ரோபிட் சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் விடுவது), மோட்டாருக்குத் தனிப் பேட்டரி, பலகை, பேட்டரி இரண்டின் கிரவுண்டும் (மைனஸ் பக்கம்) சேர்ந்திருக்க வேண்டும். கிரவுண்டைச் சேர்க்க மறந்தால் புரோகிராம் சரியாக இருந்தும் மோட்டார் அசையாது. பயிற்சி அறையில் அதிக நேரம் தின்பது இந்த ஒரு வயர்தான்.

எல்ஈடியைத் தனியாக 9 வோல்ட் பேட்டரியில் போடுவதானால் மின்தடை கட்டாயம். சிவப்பு எல்ஈடிக்கு 2 வோல்ட் போக மீதி 7. 15 மில்லிஆம்பியர் போதும் என்றால் 7ஐ 0.015ஆல் வகுக்க 467 வரும்; 470 ஓம் போடுங்கள். நேரடியாகக் கொடுத்துக் கருகிய எல்ஈடிகளுக்காகவே உதிரியை 15 சதவீதம் கூட வாங்க வேண்டும்.

கேள்வி: பள்ளியில் இணையம் இல்லை. 30 டேப்லெட் வந்திருக்கிறது.

பதில்: போன் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள், பத்துக் கருவியிலேயே பெரும்பாலும் திணறும். ஒரு லேப்டாப்பில் கோலிப்ரி என்ற இலவசப் பாட மென்பொருளை நிறுவி, ரவுட்டர் வழியாக டேப்லெட்டுகளை இணைத்தால் இணையம் இல்லாமலே பாடங்கள் ஓடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமுலேஷன்களில், அதாவது திரையில் செய்துபார்க்கும் அறிவியல் சோதனைகளில், எச்டிஎம்எல்5 வடிவில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிரவுசரில் திறந்தால் போதும். டேப்லெட்டின் லாகின் கணக்குகள் பள்ளியின் மின்னஞ்சலில் இருக்கட்டும். நீண்ட விடுமுறைக்குப் பூட்டி வைக்கும்போது சார்ஜ் பாதியளவு இருக்க வேண்டும். காலியாக விட்டால் பேட்டரி திரும்பி எழாமல் போகலாம்.

கேள்வி: பல நிறுவனங்கள் சேர்ந்து உதவினால் குழப்பம் வராதா?

பதில்: வேலையைப் பிரித்துவிட்டால் வராது. 2016இல் பிரிட்டனில் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு மைக்ரோபிட் இலவசமாகத் தந்தபோது பிபிசியுடன் ஏஆர்எம், மைக்ரோசாஃப்ட், சாம்சங் எல்லாம் இருந்தன. வன்பொருள், புரோகிராமிங் கருவி, போன் செயலி என்று ஆளுக்கொரு பங்கு.

கேள்வி: அறிவியல் போட்டிக்கு ஸ்பான்சர் பெயரையே வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: வைக்கலாம், ஆனால் போட்டி உங்களுடையதாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவின் சயின்ஸ் டேலண்ட் சர்ச் என்ற பள்ளி மாணவர் அறிவியல் போட்டி 1942இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெயரில் தொடங்கியது. 1998இல் இன்டெல், 2017இல் ரீஜெனரான் என்று பெயர் மாறியும் போட்டி நிற்கவில்லை. நடத்துவது தனி அமைப்பு. விதிகள், நடுவர் குழு, பழைய பதிவுகள் மூன்றையும் கைவிடாதீர்கள். நடுவர்களிடம் மாதிரியைவிட மாணவரின் குறிப்பேட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தேதி போட்ட தவறான அளவீடுகள் அதில் இருந்தால் வேலை பிள்ளை செய்தது.

கேள்வி: மாணவர் படங்களை விளம்பரத்துக்குக் கேட்கிறார்கள்.

பதில்: பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் வேண்டாம். பாடத்துக்குள் பொருள் விளம்பரமும் வேண்டாம். ஓராண்டு இலவச மென்பொருள் என்றால் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் யாருடையது என்று இப்போதே கேளுங்கள்.

கேள்வி: நான் நிறுவனத் தரப்பு. எதை அளப்பது? கலந்துகொண்டோர் எண்ணிக்கை போதாது என்கிறார்கள்.

பதில்: போதாதுதான். மூன்றாம் மாதம் எத்தனை பாடவேளையில் கருவி வெளியே வந்தது என்று கேளுங்கள். மாணவரிடம் "ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது எரியுமா, ஏன்?" போன்ற கேள்விகளைத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் கொடுங்கள். இவற்றைவிட மலிவான அளவுகோல் ஒன்று உண்டு: வயரும் பேட்டரியும் தீர்ந்துவிட்டது என்று எந்தப் பள்ளி கேட்கவே இல்லையோ, அங்கே முதலில் போய்ப் பாருங்கள். பெட்டி பெரும்பாலும் திறக்கப்படாமலே இருக்கும்.