பேஸ் கிதார் வாசித்தவருக்கு எதற்கு ஒரு முழு வரலாறு?

இங்கிலாந்தின் ‘தி ஹூ’ ராக் குழுவில் பேஸ் கிதார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிதார்) வாசித்த ஜான் என்ட்விசிலைப் பற்றிப் பால் ரீஸ் எழுதி 2020இல் வெளிவந்த ‘தி ஆக்ஸ்’ என்னும் வாழ்க்கை வரலாற்றை ரசிகர்கள் ஏன் இப்படித் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், பாடகரும் அல்லாமல் முன்னணிக் கிதார் கலைஞரும் அல்லாமல் ஓரமாக நின்று பேஸ் வாசித்த ஒரு துணைக் கலைஞருக்கு முழு நூல் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘துணைக் கலைஞர்’ என்ற அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால் நான் இக்கேள்வியைக் கடந்து போயிருப்பேன்.

நான் ராக் இசை ஆய்வாளன் அல்லன். 1989 முதல் 1998 வரை திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தேன். அதன்பின் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். கல்யாண வரவேற்புகளில் வாசித்தவனுக்கு இங்கிலாந்து ராக் இசையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று யாரேனும் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்த நான்கு கம்பிகளை ஒன்பது ஆண்டுகள் அழுத்தித் தேய்ந்த விரல்கள் என்னுடையவை என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

உங்களை எனக்குத் தெரியாது என்றாலும், நீங்கள் பாட்டைக் கைபேசியின் ஒலிபெருக்கியிலேயே கேட்பவராக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் பேஸ் கிதாரின் மிகத் தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள்தான் எழும். கட்டைவிரல் அளவுகூட இல்லாத கைபேசி ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. ஆகவே நீங்கள் பேஸ் வாசிப்பவரைப் புறக்கணிக்கிறீர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது; அவர் உங்கள் காதுக்கு வந்து சேரவே இல்லை.

என்ட்விசிலைப் பொறுத்தவரை ‘துணை’ என்பது பொருந்தவே பொருந்தாது. ‘தி ஹூ’வின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் பெரும்பாலும் தனிச்சுரங்களை ஓடவிடாமல் கார்டுகளை, அதாவது பல சுரங்களை ஒருசேர, ஓங்கி அடித்து வாசித்தார். கீத் மூன் டிரம்ஸில் தாளத்தைப் பிடித்து வைப்பதைவிடப் பாட்டு நெடுகிலும் உருட்டிக்கொண்டே போவதில்தான் நாட்டம் காட்டினார். அந்த இருவருக்கும் நடுவில் இராகத்தை எடுத்துச் செல்லும் பொறுப்பு, மற்ற குழுக்களில் முன்னணிக் கிதாருக்கு உரிய பொறுப்பு, இங்கே பேஸிடம் வந்து சேர்ந்தது. 1965இல் வந்த ‘மை ஜெனரேஷன்’ பாட்டில், கிதார் தனியாவர்த்தனம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தில் பேஸ் கிதார் தனியாவர்த்தனம் வருகிறது. அதுவும் கேள்வி பதில் போல, ஒரு கீற்று கிதார், ஒரு கீற்று பேஸ் என்று. இப்பாட்டை நான் முதன்முதலில் கேட்டது 1991இல், ஒரு நண்பர் பதிவு செய்து கொடுத்த கேசட்டில். அந்த இடம் வந்ததும் நாடாவில் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சுற்றிவிட்டு மீண்டும் போட்டேன். பிறகு அன்று இரவு முழுவதும் அந்த இடத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒவ்வொரு கச்சேரியிலும் இடைவேளைக்குச் சற்று முன்பு தொகுப்பாளர் கலைஞர்களை அறிமுகப்படுத்துவார். கீபோர்டுக்கு ஒரு பட்டம், தபலாவுக்கு ஒரு பட்டம், டிரம்ஸுக்கு ஒரு பட்டம், புல்லாங்குழலுக்கு இரண்டு பட்டங்கள். கடைசியில் ‘மற்றும் குழுவினர்’ என்று முடிப்பார். அந்த ‘மற்றும் குழுவினர்’ நான் ஒருவன்தான். மிகைப்படுத்தவில்லை, மேடையில் பெயர் சொல்லப்படாமல் மிச்சமிருந்த ஒரே ஆள் நான். ஒருமுறை என் தங்கையின் மாமியார் வீட்டார் முன்வரிசையில் அமர்ந்திருந்ததால், அன்றாவது பெயரைச் சொல்லும்படி தொகுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். அவரும் தலையாட்டினார். மேடையில் என்னைக் காட்டி, “ரிதம் கிதார்” என்றார். அவர்மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நல்ல குரல் வளம் உடையவர். எனினும் முப்பது ஆண்டுகளாக இதை மறக்க முடியவில்லை என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை.

நான் விலகியதற்குக் காரணம் தொகுப்பாளர் அல்லர், கீபோர்டு. 1995 வாக்கில் எங்கள் வட்டாரத்துக் குழுக்களில் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸ் பகுதியை வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஓர் ஆளுக்கான சம்பளமும் சாப்பாடும் வண்டியில் ஓர் இடமும் மிச்சம். மண்டபத்தில் ஒருவரும் வேறுபாட்டைக் கவனிக்கவில்லை என்று எங்கள் குழுத் தலைவர் சொன்னபோது, அவர் சொன்னது உண்மை என்பதால்தான் வலித்தது.

கம்பி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பேஸ் கிதாருக்கு ஒரு கட்டுக் கம்பி வாங்குவது அக்காலத்தில் எனக்குப் பல கச்சேரிகளின் சம்பளம். எனவே ஒலி மழுங்கியதும் நான்கு கம்பிகளையும் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, துடைத்துக் காயவைத்து மீண்டும் பூட்டுவேன். விரல் எண்ணெயும் அழுக்கும் கரைந்துவிடுவதால் இரண்டு மூன்று கச்சேரிகளுக்குப் புதுக்கம்பி போலவே ஒலிக்கும். அதற்காக நான் எடுத்த பாத்திரம் பால் காய்ச்சும் பாத்திரம் என்பதை அம்மா கண்டுபிடித்த நாளில் வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இப்போது என்ட்விசில் பல நேர்காணல்களில் சொன்ன கதையைக் கேளுங்கள். ‘மை ஜெனரேஷன்’ தனியாவர்த்தனத்துக்குத் தேவையான கூர்மையான ஒலி டானெலக்ட்ரோ பேஸ் கிதாரின் மெல்லிய கம்பிகளில்தான் கிடைத்தது. ஆனால் அவை எளிதில் அறுந்தன. மாற்றுக் கம்பி இங்கிலாந்தில் தனியாகக் கிடைக்கவில்லை. ஆகவே கம்பி அறுந்தபோதெல்லாம் அவர் கடைக்குப் போய் இன்னொரு முழுக் கிதாரையே வாங்கினார். கடைசியில் சலித்துப்போய், வெளியீட்டுக்கான பதிவை ஃபெண்டர் ஜாஸ் பேஸில் வேறு கம்பிகளைப் பூட்டி வாசித்து முடித்தார். 1966இல் கிதார் கம்பிகள் செய்யும் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து, தடித்த கம்பிகளும் பியானோவைப் போலத் தெளிவாக அதிரும்படி, வட்டக் கம்பி சுற்றப்பட்ட ஒரு வகையை உருவாக்க உதவினார். அதுவரை பெரும்பாலோர் பூட்டியவை தட்டையாகச் சுற்றப்பட்ட, வழவழப்பான, ‘தொம்’ என்று மட்டும் ஒலிக்கும் கம்பிகள். பின்னாளில் ‘யெஸ்’ குழுவின் கிறிஸ் ஸ்குவயர், ‘ரஷ்’ குழுவின் கெடி லீ ஆகியோரின் உறுமலும் ரோட்டோசவுண்டின் வட்டச்சுற்றுக் கம்பிகளிலிருந்துதான் வந்தது.

பாத்திரத்தில் கம்பி கொதிக்கவைத்தவனுக்கு இக்கதை ஏன் இனிக்கிறது என்று நான் விளக்க வேண்டுமா? இந்த நூலைக் கொண்டாடுபவர்களில் பலர் இப்படிப்பட்ட ஆட்கள். என்ட்விசில் எப்படி நடந்தார், யாரோடு சுற்றினார் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். தாங்கள் காதால் தனியே கண்டுபிடித்த ஒன்றுக்குப் பின்னால் இருந்த மனிதரை அவர்களுக்குத் தெரிய வேண்டும். பாடகரை ரசிக்க யாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பேஸ் வாசிப்பவரை ரசிப்பவர், ஏதோ ஓர் இரவில் பாட்டின் அடியில் என்ன ஓடுகிறது என்று தாமாகத் தேடிப் போனவர். அப்படித் தேடியவர்கள் குறைவு என்றும் எண்ணிவிடாதீர்கள். 2011இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் சிறந்த பேஸ் கலைஞர் யார் என்று கேட்டபோது, வாசகர்கள் முதலிடம் கொடுத்தது என்ட்விசிலுக்குத்தான்.

இந்தக் குறிப்பிட்ட நூலுக்கு வரவேற்பு கூடுதலாக இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. குழுவின் பேச்சு முழுவதும் டவுன்ஷெண்டிடம் இருந்தது. பாடகர் ரோஜர் டால்ட்ரி ஒலிவாங்கியைச் சுழற்றினார். மூனின் குறும்புகளைப் பற்றி மட்டுமே தனி நூல்கள் எழுதலாம். என்ட்விசில் மேடையில் கல்தூண் போல நின்றார், விரல்கள் மட்டும் ஓடும். அதனால் ‘அமைதியானவர்’ என்ற பட்டப்பெயரும் ‘இடிவிரல்’ என்ற பட்டப்பெயரும் ஒரே ஆளுக்கு அமைந்தன. பதினாறு வயதில் பள்ளியை விட்டு வரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். பள்ளி இசைக்குழுவில் டிரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும் ஊதியவர். டால்ட்ரியின் குழுவில் முதலில் சேர்ந்து பிறகு டவுன்ஷெண்டை அதற்குள் அழைத்து வந்தவரும் அவரே. 1973இல் வந்த ‘குவாட்ரோஃபீனியா’ இசைத்தட்டில் கேட்கும் ஊதுகருவிகள் அத்தனையும் அவர் வாசித்தவை. ‘போரிஸ் தி ஸ்பைடர்’, ‘மை வைஃப்’ ஆகியவை அவர் எழுதிய பாடல்கள். இவ்வளவும் இதழ்களிலும் உறைக்குறிப்புகளிலும் சிதறிக் கிடந்தன. அவரே ஒரு தன்வரலாற்றை எழுதத் தொடங்கி முடிக்காமல் போனார். அந்தக் குறிப்புகளையும் குடும்பத்தார், நண்பர்களிடம் கேட்டவற்றையும் கொண்டு ரீஸ் எழுதியிருக்கிறார். பேசாதவர் என்று பெயரெடுத்தவரின் சொந்தச் சொற்கள் அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைக்கின்றன என்றால் ரசிகன் எழுந்து உட்காரத்தான் செய்வான்.

போதை மருந்தால் செத்தவரைப் போய்ப் புகழ்கிறாயா என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2002 ஜூன் 27 அன்று, ‘தி ஹூ’வின் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லாஸ் வேகஸில் ஓட்டல் அறையில் அவர் இறந்து கிடந்தார். வயது 57. கோகெய்ன் தூண்டிய மாரடைப்பு என்பது மருத்துவ முடிவு. நான் அதை நியாயப்படுத்தவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு அவருடைய செலவுப் பழக்கமும் உவப்பானதன்று. அடுத்த ஆண்டு, வாரிசுச் சொத்துக்கான வரியைக் கட்டுவதற்காக அவருடைய கிதார்களை மகன் லண்டனில் சோதபீஸ் ஏலத்தில் விற்றார். உடைந்த ஐந்து பேஸ் கிதார்களின் பாகங்களை இணைத்து என்ட்விசில் தாமே உருவாக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்னும் கிதாரும் அந்த ஏலத்தில் போனது. வரி எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவரின் கருவிகளை வரியே கொண்டுபோனதைத் தொழில்முறையில் நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

பெயர் சொல்லப்படாத வேதனை எனக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும் ஒரு சான்று தருகிறேன். அமெரிக்காவில் டெட்ராய்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர், 1971இல் வந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டு வரையில் அந்நிறுவனத்தின் உறைகளில் அச்சாகவில்லை. 1983இல் மோடவுனின் வெள்ளிவிழா நிகழ்ச்சியை அவர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பின்வரிசையிலிருந்து பார்த்தார். அதே ஆண்டு இறந்தார். அவருக்கும் பிறகு ஒரு நூல் வந்தது. அதையும் இப்படித்தான் கொண்டாடினார்கள்.

நீங்கள் நூலை வாங்குவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். ‘தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்’ ஆவணப்படத்தின் டிவிடியில், 1978 மே மாதம் ஷெப்பர்டனில் மூன் கடைசியாக மேடையேறிய நிகழ்ச்சியிலிருந்து ‘வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்’ பாட்டின் பேஸ் பகுதியை மட்டும் தனியே பிரித்துத் தந்திருக்கிறார்கள். கைபேசியை வைத்துவிட்டு, காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு அதை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். கேட்டபின்னும் ‘துணைக் கலைஞர்’ என்றே தோன்றினால் கேள்வியை அப்படியே விட்டுவிடுங்கள்.

என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. தஞ்சாவூரில் இன்னொரு குழுவில் பேஸ் வாசித்து, என்னைப் போலவே கீபோர்டிடம் இடத்தைப் பறிகொடுத்த நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னவர், நான்கு மாதங்களாக இரவு பதினொரு மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்துப் பத்தி பத்தியாக எனக்கே வாசித்துக் காட்டுகிறார்.