ஃபெஸ்ல ரெண்டு நாள், ஷெஃப்ஷவன் சேக்கலாமா?

வியாழன் நைட் மொராக்கோல இருக்கிற ஃபெஸ் நகரத்துல இறங்கி ஞாயிறு காலைல கிளம்புறீங்க, நடுவுல ஒரு நாள் நீலச் சுவர் ஊரான ஷெஃப்ஷவன் போய்ட்டு வரலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாங்க. பஸ்ல ஒரு வழிக்கே நாலு மணி நேரம் பக்கம் ஆகும், நீலச் சுவத்து முன்னாடி போட்டோ எடுக்கவே ஒரு நாள் போயிடும்.

வெள்ளிக்கிழமை மதினால, அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரத்துல, நிறைய கடை சாத்திருக்கும், ஆனா அதுவும் நல்லதுதான், கூட்டம் கம்மியா இருக்கும்போது பாப் பூ ஜலூத்ல ஆரம்பிச்சு, அந்த வாசல் வெளிய நீலம் உள்பக்கம் பச்சை கவனிங்க, தலா கபீரா தெரு இறக்கத்துலயே நடந்து பூ இனானியா மதரசாவ மதியத் தொழுகைக்கு முன்னாடியே பாத்துடுங்க. 859ல ஆரம்பிச்ச கரவிய்யீன் மசூதிக்குள்ள முஸ்லிம் இல்லாதவங்க போக முடியாது, வாசல்ல நின்னு எட்டிப் பாக்கலாம். பக்கத்துல அத்தாரீன் மதரசா, விட்டுடாதீங்க.

தோல் பதனிடுற ஷுவாராவ சனிக்கிழமை காலைல வச்சுக்கோங்க. சாயத்தொட்டிய மேல இருந்து பாக்கணும்னா தோல் கடை மாடிக்குத்தான் ஏறணும், நாத்தத்துக்கு புதினா இலை குடுப்பாங்க, இறங்கும்போது ஒரு ஜாக்கெட்ட தலைல கட்டப் பாப்பாங்க, சிரிச்சிட்டே நகந்துடுங்க. சந்துல "பாலக்"னு (ஒதுங்குங்கன்னு அர்த்தம்) சத்தம் கேட்டா பின்னாடி கழுதை வருது, சுவரோட ஒட்டி நில்லுங்க.

நைட் இறங்குறதால நீங்க தங்குற ரியாத்காரங்கள (ரியாத்னா முற்றம் வச்ச பழைய வீட்டு ஹோட்டல்) மதினா வாசலுக்கு ஆள் அனுப்பச் சொல்லிடுங்க, அந்த சந்துல மேப்ப நம்பி போகாதீங்க.