கொட்டானா, பலகாரமா? ஆன்லைனில் எதை விற்கலாம்?

கேள்வி: கொட்டான் என்னும் பனையோலைக் கூடை, கண்டாங்கிச் சேலை, பலகாரம், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் எல்லாமே எங்கள் ஊரைச் சுற்றிக் கிடைக்கின்றன. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் விற்க எதை எடுத்தால் லாபம் நிற்கும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஆத்தங்குடிக் கல்லை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பத்து அங்குலக் கல் ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், முனையும் உடையும். வீடு கட்டுபவர் லாரியில் மொத்தமாக எடுக்கும் சரக்கு அது. கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் சேலையில் முதல் முடங்கும். போனில் பார்த்த அரக்கு நிறம் நேரில் வேறாகத் தெரிந்தால் சேலை திரும்பி வரும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று தள்ளிவிடும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். தறிக்காரரை நேரில் அறிந்தவர்களுக்கே அது சரிப்படும்.

உங்கள் முதலுக்குக் கொட்டான்தான் பொருத்தம். ஒரு கணக்கை மட்டும் விளங்கிக்கொண்டு இறங்குங்கள். கூரியரில் தராசு எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 30 × 30 × 20 பெட்டி என்றால் 3.6 கிலோ; உள்ளே இருக்கும் கொட்டானோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒற்றைக் கொட்டான் விற்றால் லாபம் முழுவதும் கூரியருக்கே போய்விடும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று அளவுகளைச் செட்டாகப் பின்னச் சொல்லுங்கள். பெட்டியும் கட்டணமும் மாறாது, விற்கும் தொகை மட்டும் கூடும்.

இதைவிட நல்லது தாம்பூலக் கொட்டான். கல்யாணத்துக்கு நூறு, இருநூறு என்று ஒரே முகவரிக்குப் போகும். அடுக்கிக் கட்டிப் பார்சல் சர்வீஸில் போட்டுவிடலாம். பின்னுபவர்களுக்கு நாள் வேண்டும் என்பதால் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டரை முடித்து, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓலை ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும். நிழலில் காற்றாட உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூடுங்கள். சாயம் போட்ட ஓலையை வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும்.

பணத்தை இறக்கும் முன் ஒரு வேலை. இதே பொருளை இப்போது விற்பவர்களுக்கு வந்திருக்கும் ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர விமர்சனங்களில் ஐம்பதையாவது படியுங்கள். ‘நசுங்கி வந்தது’, ‘படத்தில் பெரிது, நேரில் சிறிது’ என்று ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், அதைச் சரிசெய்து தருபவருக்கு அங்கே இடம் இருக்கிறது. முதலில் இருபது செட் போதும்.

கேள்வி: வீட்டில் செய்த தேன்குழலை பெங்களூருக்கு அனுப்பினேன். பாதி நொறுங்கிவிட்டது, மீதியில் சிக்கு வாடை. என்ன செய்யலாம்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தேன்குழல் வாயில் கரைய வேண்டிய பலகாரம், பயணத்துக்கு ஆகாது. தொடக்கத்தில் சீப்புச் சீடை, மணகோலம் போல உதிரியாக நிற்பவற்றை அனுப்புங்கள்.

சிக்கு வாடைக்குக் காரணம் காற்றும் வெளிச்சமும் பழைய எண்ணெயும். சுட்ட எண்ணெயை விற்பனைச் சரக்குக்குத் திரும்ப ஊற்றாதீர்கள். நன்றாக ஆறிய பிறகே பையில் போடுங்கள். சூடு இருந்தால் உள்ளே வேர்த்து நமுத்துவிடும். சாதாரண பாலிதீன் பை வேண்டாம். உள்ளே வெள்ளி நிறப் பூச்சுள்ள லேமினேட் பையில் சீல் செய்யுங்கள்.

ஒவ்வொரு ஈட்டிலும் ஒரே நாளில் நான்கு பையை எடுத்து வைத்து 7, 15, 21, 30-ஆம் நாளில் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தின்று பாருங்கள். வாடை தட்டிய நாளுக்குச் சில நாள் முன்பாக ‘இந்த நாளுக்குள் பயன்படுத்தவும்’ என்று போடுங்கள். கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு மூலையும் படும்படி போட்டுப் பிரித்துப் பார்த்தால், வழியில் என்ன ஆகும் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இல்லாமல் ஒரு பொட்டலமும் விற்கக் கூடாது. அந்த எண், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும்.

கேள்வி: 400 ரூபாய்க்குப் பொடி வகைகள் விற்கிறேன். ஆர்டர் வருகிறது, கையில் காசு தங்கவில்லையே?
– வாசகர், திருப்பத்தூர் (சிவகங்கை)

பதில்: ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். சரக்கு 160, பேக்கிங் 25, கூரியர் 70, தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்றால் 60, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி ஏறத்தாழ 11. ஆக 326. மீதி 74 ரூபாய்.

இனி கேஷ் ஆன் டெலிவரியில் பத்துக்கு ஒன்று திரும்புவதாக வையுங்கள். அந்த ஒன்றுக்குப் போகவர கூரியர் 140, பேக்கிங் 25, மறுபடி விற்க முடியாத பொடி 160. மொத்தம் 325 நட்டம். ஒன்பது பார்சலில் வந்த 666 ரூபாயில் இது போனால் 341 மிஞ்சும். பார்சலுக்கு 34 ரூபாய்! விளம்பரத்துக்கு ஐம்பது செலவழித்தால் அதுவும் போய்விடும்.

உணவுப் பொருளுக்குக் கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்துங்கள். முன்பணம் கட்டுபவருக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் உங்களுக்கு லாபமே. ஒரு பொடியாக விற்காமல் மூன்றைச் சேர்த்து விற்றால் கூரியர் செலவு மூன்றாகப் பிரியும்.

கேள்வி: ஜிஎஸ்டி எண் இல்லாமல் தொடங்க முடியுமா?
– வாசகர், புதுவயல்

பதில்: தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பதானால் முடியும். விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள், ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து ஒரு பதிவு எண் வாங்கி விற்பனைத் தளங்களில் சேர 2023 அக்டோபர் 1 முதல் வழி இருக்கிறது. வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்குத் தனிச் சலுகை உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று முதல் வெளிமாநில ஆர்டரை ஏற்கும் முன்பே ஆடிட்டரிடம் காட்டிக் கேளுங்கள்.